கழுதைப் படத்து அப்பா

ரத்தினவேல் தமது நாற்பத்து நான்காவது வயதில் ஒரு முடிவுக்கு வந்தார். மனைவி ஆண்டாளிடம் சொல்வதில்லை. சொல்லாமலே போவது, நடிப்பது, படம் வந்தபிறகு அவளைத் தியேட்டரில் உட்காரவைத்துத் திரையைக் காட்டுவது.

காரணம் இருந்தது. ஒன்பது வயதில் அவர் ஒரு சினிமாவில் நடித்தார். நாலு வாலுப் பையன்கள் ஒரு கழுதையை மாடியில் ஒளித்துவைத்து அப்பாவைப் பாடாய்ப் படுத்தும் படம். மைசூரில்தான் எடுத்தார்கள். ரத்தினவேல் கழுதைக்குக் கேரட் கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பையன். படம் வெளியானபோது அம்மை போட்டிருந்ததால் அவர் பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் அது மறுபடி ஓடியது. பெருமையாக மனைவியைக் கூட்டிப்போனார். கழுதை வந்தது. கேரட் வந்தது. அதைப் பிடித்த கை வந்தது. முகம் வரவில்லை. வெட்டியிருந்தார்கள்.

"கை அழகா இருக்குங்க," என்றாள் ஆண்டாள். பிறகு பதினெட்டு வருஷம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூட அவர் மனசு ஆறியிருக்கும்.

தொண்ணூற்றெட்டில் அதே படத்தைப் புதிதாக எடுக்க மைசூருக்கு வந்தார்கள். மேட்டகள்ளியில் ரத்தினவேல் ஸ்டோர் கீப்பராக இருந்த ஃபேக்டரிக்கே போன் வந்தது. "சார், அப்பா வேஷத்துக்கு நீங்கதான். வியாழக்கிழமை யாதவகிரி பங்களாவுக்கு வந்துடுங்க."

சினிமாக்காரர்கள் அந்தக் கையை இன்னும் மறக்கவில்லை! போனை வைத்துவிட்டு அவர் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பழைய படத்து அப்பா குடையை ஓங்கிக் கர்ஜிப்பவர். ரத்தினவேல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். "டேய்! வெளியே வாங்கடா!"

"உள்ளே யாருங்க?" என்றாள் ஆண்டாள், கதவுக்கு வெளியிலிருந்து.

"பல்லி."

"ஒரு பல்லிக்கா 'வாங்கடா'?"

"ரெண்டு."

"கொஞ்சம் மரியாதையா கூப்பிடுங்க. நம்ம வீட்டுப் பல்லி."

புதன்கிழமை சாப்பிடும்போது, "நாளைக்கு ஆபீஸ் வேலையா குண்டலுபேட்டை போறேன்," என்றார்.

"நீலச் சட்டை போட்டுக்குங்க. முகம் எடுப்பா இருக்கும்."

"குண்டலுபேட்டையில என் முகத்தை யாரு பார்க்கப் போறா?"

"அதுவும் சரிதான்," என்று ரசம் ஊற்றினாள்.

பங்களாவில் டைரக்டர் சின்ன வயசுக்காரர். "சார், இது இந்தக் காலத்துக் கதை. அம்மா பேங்க் மேனேஜர். வீட்டுல அவங்க வெச்சதுதான் சட்டம். கழுதையைப் பார்த்து அப்பா கத்தமாட்டார். அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு நடுங்குவார்."

"வசனம்?"

"கிடையாது சார். முகம் மட்டும். குளோசப்."

முகம்! ரத்தினவேல் தலையாட்டிவிட்டார். ஆனால் நடுக்கம் வரவில்லை. ஆறு முறை எடுத்தார்கள். ஆறு முறையும் அவர் குடையோடு கம்பீரமாக நின்றார்.

"பயப்படுங்க சார்!"

"வீட்டுல யாருக்கும் பயந்து பழக்கமில்ல தம்பி."

கழுதை சலித்துப்போய்ப் படுத்துவிட்டது. "இன்னும் ஒரு தடவை பார்ப்போம். வரலேன்னா வேற ஆளைத்தான் போடணும்," என்றார் டைரக்டர். ரத்தினவேல் குடையை நிமிர்த்திப் பிடித்தார். இந்தப் படத்திலும் முகம் இல்லாமலே போய்விடுமா?

கேமரா ஓடியது. அப்போது கேட் திறந்தது. படத்தில் நடிக்கும் நாலு பையன்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆண்டாள் டீச்சர்.

"ஏங்க, குண்டலுபேட்டை இங்கேயே வந்துடுச்சா?"

குடை நழுவியது. உதடு தந்தியடித்தது. ரத்தினவேல் மெல்லப் பின்வாங்கி, படுத்திருந்த கழுதைக்குப் பின்னால் குந்திக்கொள்ளப் பார்த்தார்.

"ஓகே! பிரமாதம்!" என்று துள்ளினார் டைரக்டர். "டீச்சர், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு!"

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பையன்களைத் தேர்ந்தெடுக்க சினிமாக்காரர்கள் ஆண்டாளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார்கள். நன்றாகப் பயப்படத் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். ஃபேக்டரி போன் நம்பரை எழுதிக் கொடுத்தவள் அவள்தான். பழைய படத்துக் கையைப் பற்றி அங்கே ஒருவருக்கும் தெரியாது.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். ரத்தினவேல் ஜன்னலையே பார்த்தார்.

"கேமராக்காரர்கிட்ட கேட்டுட்டேன்," என்றாள் ஆண்டாள் மெதுவாக. "முழு முகமும் விழுந்திருக்காம். இந்த வாட்டி வெட்டமாட்டாங்க."

அவருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கக் கொஞ்சம் முறைத்தார். "இவ்வளவு செஞ்சவ, எனக்கு ஒரே ஒரு வசனம் கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா?"

"அவங்களே குடுக்கறேன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். என் முன்னாடி நீங்க வாயைத் திறந்தா, நடிக்கற மாதிரி தெரிஞ்சுடுமே!"