வளையாத வரிசை

நீள்புரி நாட்டில் ஸ்கேன் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத் திறந்துவைத்த கல்வெட்டுகள் மட்டும் ஏழு.

அந்நாட்டில் சுண்ணாம்பு விற்றுப் பிழைத்தவள் பூவாத்தாள். அவள் கணவன் மருதப்பன் மாடியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான்.

"ஸ்கேன் எடுக்காம கை வைக்க முடியாதும்மா. பத்து நாளுக்குள்ள எடுக்கலைன்னா எலும்பு கோணலாக் கூடிரும். அப்புறம் நடக்கவே மாட்டார்," என்றார் வைத்தியர். பூவாத்தாள் அவனைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள்.

வரிசை பெருத்துவிட்டதைக் கேள்விப்பட்ட மன்னர், கணிதப் புலவர் ஒருவரை அழைத்தார். இரண்டு நாள் எண்ணிப் பார்த்த புலவர், "மன்னா, மணிக்கு நாலு பேர் வருகிறார்கள். மூன்று பேருக்குத்தான் படம் எடுக்க முடிகிறது. இப்படியே போனால் வரிசைக்கு முடிவே இராது. இன்னோர் இயந்திரம் வேண்டும்," என்றார்.

"ஆக, குற்றவாளி அந்த நாலாவது ஆள்தான்," என்றார் வரிசைத்துறை அமைச்சர் வண்ணமார்பர்.

மறுநாளே ஆணை வந்தது: ஒவ்வொரு மணியிலும் நாலாவதாக வருபவர் வராதவராகக் கருதப்படுவார். வரிசைக் காவலர், வந்த நேரம் குறித்த பழைய சீட்டுகளைப் புரட்டினார். மருதப்பன் நாலாவது.

"ஐயா, வந்துதானே நிக்கிறோம்!" என்றாள் பூவாத்தாள்.

"நீங்க வரலைம்மா. வராதவங்ககிட்ட நான் பேசவே கூடாது. கடைசியில போய் நில்லுங்க."

அடுத்த ஆணை, உட்கார்ந்திருப்பது மட்டுமே காத்திருப்பு என்றது. பெஞ்சுகளைத் தூக்கிப் போனார்கள். காத்திருப்போர் எண்ணிக்கை அன்றே பூஜ்யமாயிற்று. வெற்றி விழாவுக்காக இயந்திரத்துக்கு ஒருநாள் விடுமுறை விட்டார்கள்.

வரிசையோ தெருத்தெருவாக வளைந்து கிடந்தது. அமைச்சருக்கு அது பொறுக்கவில்லை. "கணித நூலில் வரிசையை நேர்கோடாகத்தான் வரைந்திருக்கிறார்கள். நிமிர்த்துங்கள்!"

நிமிர்த்தினார்கள். கடைத்தெரு, வயல்வெளி, சோதனைச்சாவடி எல்லாம் தாண்டி, வரிசையின் வால் அண்டை நாட்டுக்குள் போய் நின்றது.

மருதப்பன் விழுந்த ஒன்பதாம் நாள், அந்த வாலின் நுனியில் தள்ளுவண்டியோடு அழுதுகொண்டிருந்தாள் பூவாத்தாள். எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்க்கா வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க."

அது அண்டை நாட்டு ஆஸ்பத்திரி. அங்கே மூன்று இயந்திரங்கள். அரை மணியில் படம் எடுத்தார்கள். மறுநாள் அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் கழித்து மருதப்பன் கோலூன்றி, தன் காலாலேயே எல்லை தாண்டி வந்தான்.

வரும் வழியெல்லாம் வரிசையில் நின்றவர்களிடம் பூவாத்தாள் கெஞ்சினாள். "பின்னாடி போங்கய்யா! வைத்தியம் பின்னாடிதான் இருக்கு!"

"ரெண்டு மாசமா காத்த இடத்தை விடச் சொல்றியே, நல்லா இருக்கே கதை!" என்றார் ஒரு குடைக்காரர்.

அன்று காலைதான் மன்னர் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். பூவாத்தாளின் சேதி வரிசை வழியே அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வரிசையின் முன்னால் இடம் பிடிக்க ஓடிய அமைச்சரை அவர் கூப்பிட்டு நிறுத்தி, மெல்லக் கேட்டார்: "கடைசி எங்கேய்யா இருக்கு?"

பூவாத்தாளைத் தாண்டிக்கொண்டு பல்லக்கு எல்லையை நோக்கிப் பறந்தது. முன்னால் முரசு முழங்கியது: "மக்களோடு மக்களாக, வரிசையின் கடைசி ஆளாக நிற்கப் போகிறார் நம் மன்னர்!"

குடைக்காரர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரு கைகளையும் கூப்பினார். கண்ணில் நீர் தளும்பியது.

"பாத்தியாம்மா அந்த எளிமையை? நமக்கெல்லாம் பின்னாடி போய் நிக்கப் போறாரு!"