மாசிலாமணியின் கீறல் விழாத ஜீப்

ஒரு காட்டில் மாசிலாமணி என்று ஒரு கீரி இருந்தது. அதனிடம் மேடு பள்ளம் பார்க்காமல் ஓடக்கூடிய ஜீப் ஒன்றும் இருந்தது. வாங்கி ஆறு வருடம் ஆகியும் அந்த ஜீப் ஒரு மேட்டிலும் ஏறியதில்லை, ஒரு பள்ளத்திலும் இறங்கியதில்லை. கீறல் விழுந்துவிடும் என்ற பயம்தான்.

அப்படியும் இரண்டு கீறல்கள் விழுந்திருந்தன. இடது கதவில் உண்ணிச்செடி இழுத்த கோடு ஒன்று. முன்பக்க மூடியில் ஒரு காகம் தன் பிம்பத்தோடு சண்டை போட்ட தடம் ஒன்று. மாசிலாமணிக்குப் பங்காளிகள் பெயர் மறந்தாலும் இந்த இரண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது மறக்காது.

அதற்கு ஓர் ஆசை. காட்டின் வடக்கே கரடுமேடு என்றொரு மலை. அதன் உச்சிக்கு ஜீப்பிலேயே ஏறி, ஒரே ஒரு தரம் ஹாரன் அடிக்க வேண்டும். வழியெல்லாம் முள்.

பட்டறை வைத்திருந்த தங்கப்பழம் என்ற முள்ளம்பன்றியிடம் போய் யோசனை கேட்டது. ஜீப்பின் உடம்பு முழுக்க ரப்பர் போன்ற பூச்சு ஒன்றைப் பீய்ச்சி அடித்துவிட்டால் முள்ளும் கல்லும் ஒன்றும் செய்யாது என்றது தங்கப்பழம். சொன்ன கையோடு உப்புத்தாளை எடுத்து ஜீப்பின் பளபளப்பை மேலிருந்து கீழாகத் தேய்க்கத் தொடங்கியது.

"அண்ணே, கீறல் விழக்கூடாதுன்னுதானே வந்தேன்?"

"வழவழன்னு இருந்தா பூச்சு பிடிக்காதுப்பா. கீறல் விழாம இருக்கணும்னா முதல்ல நாமளே முழுசாக் கீறிடணும்."

மாசிலாமணி வாலைக் கண்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. தங்கப்பழம் கண்ணாடிகளையும் விளக்குகளையும் காகிதம் ஒட்டி மறைத்தது. நம்பர் பிளேட்டை மறைக்க மறந்தது. பிறகு புஸ்ஸென்று அடித்தது. கால் மணி நேரத்தில் ஜீப் கன்னங்கரேலென்று, பலாப்பழத் தோல்போலச் சொரசொரப்பாக நின்றது.

சந்தோஷத்தில் கீரி ஒரு தவறு செய்தது. ஜீப்பைக் குட்டைக்கரையில் நிறுத்தி, தண்ணீர் குடிக்க வந்த எல்லோரிடமும் பெருமையடித்தது. "யானையே வந்து உரசினாலும் ஒண்ணும் ஆகாது."

கொம்பையா என்ற யானை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. கொம்பையாவுக்கு மூன்று மாதமாக, தும்பிக்கை எட்டாத இடத்தில் அரிப்பு. உரசிய மரமெல்லாம் சாய்ந்து, பறவைகளிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். மரியாதையாக அனுமதி கேட்டு, ஜீப்பில் மெல்ல உரசியது. கண் செருகியது. காது இரண்டும் தொங்கின.

"மாசிலாமணி, இது வண்டி இல்லப்பா" என்றது கொஞ்ச நேரம் கழித்து. "சொர்க்கம்."

ஜீப்பில் ஒரு கோடுகூட விழவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. விழுந்திருந்தால் கொம்பையா வெட்கப்பட்டு விலகியிருக்கும்.

மறுநாள் காலை மலையேறக் கிளம்பி வந்தால், ஜீப்பைச் சுற்றி வரிசை. காட்டெருமைகள், பன்றிகள், சொறி பிடித்த நரி. முதலிடத்தில் மறுபடியும் கொம்பையா. ஓட்டுநர் இருக்கையில் ஒரு மந்தி உட்கார்ந்து, இலையில் எண் எழுதி டோக்கன் கொடுத்தது. ஒவ்வொருவர் முறை முடிந்ததும் ஹாரன் அடித்தது.

"இது என் வண்டி" என்றது கீரி.

"காலையிலேருந்து நாலு பேர் சொல்லிட்டாங்க. பின்னாடி போங்க."

மாசிலாமணி காட்டுச் சபைக்கு ஓடியது. அங்கே அதற்குள் தீர்மானமே நிறைவேறியிருந்தது. மாடுகள் உடம்பை உரசிக்கொள்ளக் கல் நட்டு வைப்பது முப்பத்திரண்டு அறங்களில் ஒன்று. பெயர் சொல்ல விரும்பாத ஒரு வள்ளல் அதைச் செய்திருக்கிறார். சபை அவரை வணங்குகிறது. அந்த வள்ளல் தான்தான் என்றும், ஆனால் தான் வள்ளல் இல்லை என்றும் மாசிலாமணி விளக்கியது. குமாஸ்தா ஆமை ஒரு படிவத்தை நீட்டியது.

வண்டி எண் பூச்சுக்கு அடியில் போயிருந்தது. நிறம் பதிவேட்டில் பச்சை, நேரில் கறுப்பு. கொம்பையாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், தன் முறை போய்விடும் என்று வரிசையை விட்டு வர மறுத்துவிட்டது. கடைசியாக, அங்க அடையாளங்கள் இரண்டு என்றிருந்தது. மாசிலாமணி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, உண்ணிச்செடிக் கோட்டையும் காகத்தின் தடத்தையும் அங்குலக் கணக்கோடு எழுதியது.

நேரில் பார்க்கக் கிளம்பிய ஆமை சாயங்காலம் திரும்பியது.

"அப்படி எதுவும் இல்லீங்களே. அருமையான வண்டி. ஒரு கீறல் கிடையாது."

பூச்சை உரித்துத் தரும்படி தங்கப்பழத்திடம் கெஞ்சியது கீரி. தங்கப்பழம் மனம் நொந்துபோனது. பத்து வருடம் உரியாது என்று எழுதிக் கொடுத்த வேலை. உரிந்தால் பட்டறையின் பெயர் என்ன ஆவது?

வேறு வழியில்லாமல் அடுத்த நாள் மாசிலாமணி கரடுமேட்டில் நடந்தே ஏறியது. முள் கிழித்தது. பட்டாலே அரிக்கும் செந்தட்டி இலை உடம்பெல்லாம் பட்டது. உச்சியில் நின்று, வாயாலேயே "பாம், பாம்" என்றது. கீழே குட்டைக்கரையிலிருந்து அதன் ஜீப் பதிலுக்கு ஹாரன் அடித்தது. யாருக்கோ முறை முடிந்திருந்தது.

இறங்கி வரும்போது முதுகு அரித்தது. கை எட்டவில்லை. நேராகப் போய் வரிசையின் கடைசியில் நின்றது. மந்தி இலையை நீட்டியது: நூற்று நாற்பத்து மூன்று. முன்னால் நின்ற காட்டுப்பன்றி திரும்பிப் பார்த்து, தைரியமாக உரசலாம், யாரோ ஒரு மகராசன் வைத்துவிட்டுப் போனது, ஒன்றும் ஆகாது என்று அன்பாகச் சொன்னது.

நீதி: சொந்தப் பொருளில் ஒரு கீறலாவது விட்டு வை. ஒன்றுமே ஆகாத பொருள் ஊருக்குச் சொந்தம், உனக்கு டோக்கன்தான்.