செத்தவள் திரும்பி வந்த வெள்ளிக்கிழமை

இனிமேல் தன் வீட்டுப் பெண்பிள்ளை சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று தசரதன் சட்டம் போட்டான். சட்டம் போட்ட இடம் திருமழிசையில் அவனுடைய மாட்டுக் கொட்டில். காதுகொடுத்துக் கேட்டவை இரண்டு எருதுகள். மனைவி வடிவு குனிந்து சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்ததால், அதே சட்டத்தை இன்னொரு தரம் உரக்கப் போட்டான்.

யுத்தம் முடிந்த வருஷம் அது. பூந்தமல்லியில் டூரிங் கொட்டகை வந்து இறங்கியிருந்தது. போன மாசம் ஓடிய படத்தில் எவனோ ஒருவன் கட்டினவளைத் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். பார்த்துவிட்டு வந்த வடிவு மூன்று நாள் தசரதனோடு பேசவில்லை. கதவைச் சாத்தினவன் அவன், உப்பில்லாத குழம்பைத் தின்றவன் இவன். இது எந்த ஊர் நியாயம்?

"சினிமான்றது பொய்யி மே. துணில உயுற வெளிச்சம். அத்த பாத்து அயுவுறவ கூமுட்ட."

"புதுப் படம் வந்துகீது மாமா. ஒரு ஆத்தாக்காரி கதையாம். தெருவே பாத்துட்டு வந்துடுச்சு. நான் ஒருத்திதான் பாக்காத கீறேன்."

"அப்டியே இரு. ஒருத்தியாவது புத்தியோட இருக்கட்டும்."

வடிவு சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஜெயித்துவிட்டோம் என்று தசரதன் மீசையை நீவிக்கொண்டான்.

சட்டம் போட்ட மகாராஜா முந்தின வெள்ளிக்கிழமை என்ன செய்தார் தெரியுமா? மாட்டுக்கு லாடம் அடிக்கப் போகிறேன் என்று பூந்தமல்லிக்கு வண்டி கட்டினார். மாடுகளைப் புளியமரத்தடியில் கட்டிப்போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்து தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தார்.

படத்தில் ஒரு தாய். மகன் துரத்துகிறான். மழையில் விழுந்து செத்துப்போகிறாள். அந்தக் கொட்டகையில் படம் ஓட்ட ஒரே மிஷின். ஒவ்வொரு சுருள் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். விளக்கு எரியும்போதெல்லாம் தசரதன் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினான். கட்டுகிற சாக்கில் கண்ணைத் துடைத்தான். படம் முடிவதற்குள் ஏழு தரம் கட்டிவிட்டான்.

அவன் தாய் கன்னியம்மாள் இறந்து இரண்டு வருஷம். அன்று காலையில் அவளோடு சண்டை போட்டுக்கொண்டுதான் ஆவடியில் பட்டாளத்துக்கு வண்டியில் மண்ணடிக்கப் போனான். சாயங்காலம் திரும்பியபோது அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். அந்தக் காலை நேரத்தை அவனால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

திரையில் கிழவி செத்தபிறகு ஏதோ எழுத்துப் போட்டார்கள். தசரதனுக்குப் படிப்பு ஏது? விளக்கு எரிந்தது. அணைந்தது. அடுத்த சுருளில் கிழவி வந்துவிட்டாள்! உயிரோடு, அடுப்பங்கரையில் உட்கார்ந்து களி கிண்டிக்கொண்டிருந்தாள். மகன் கையை நீட்டினான். அவள் ஒரு உருண்டை உருட்டி வைத்தாள். கொட்டகையே விசிலடித்தது. தசரதன் தலைப்பாகையை முகத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினான்.

சட்டம் போட்ட மறுநாள் காலையில், பக்கத்து வீட்டு அங்கம்மா வேலியோரம் நின்று வடிவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கம்மாவின் தம்பி சின்னசாமிதான் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவன். தசரதன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

"அப்பறம் இன்னாக்கா ஆச்சு?"

"இன்னா ஆவும்? மயையில நனைஞ்சி கெயவி செத்துப் பூட்டா. அத்தோட படம் முடிஞ்சிது."

"புள்ள?"

"அயுதுகினு நின்னான். அயுதா மட்டும் செத்தவ வந்துருவாளா?"

"வருவா!" என்று கயிற்றை வீசிவிட்டு எழுந்தான் தசரதன். "வந்தா! அடுப்பாண்ட குந்திகினு களி கிண்டுனா. புள்ள கையில உருண்ட வெச்சா!"

அங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வடிவு நிதானமாகத் திரும்பினாள்.

"வெள்ளிக்கெயம பாத்தவங்க மட்டுந்தான் இத்த சொல்லுவாங்க மாமா. அன்னிக்கி கடேசி ரெண்டு சுருளையும் முன்ன பின்ன மாத்தி ஓட்டிட்டாங்களாம். சின்னசாமி சொல்லிச் சொல்லி சிரிக்கிறான். நீ வெள்ளிக்கெயம லாடந்தானே அடிக்கப் போனே?"

வேறு புருஷனாக இருந்தால் காலில் விழுந்திருப்பான். தசரதன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"மாத்தி ஓட்டல மே! அன்னிக்கி ஒரு நாளுதான் சரியா ஓட்டுனான். மத்த நாளு ஓட்டுனதுதான் தப்பு. பெத்த புள்ள அயுவுறத பாத்துகினு எந்த ஆத்தாளாவது செத்துக் கெடப்பாளா?" சொல்லும்போதே குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே, "கெடக்க மாட்டா!" என்று முடித்தான்.

வடிவு அவனையே பார்த்தாள். அவளுக்கு மாமியாரைத் தெரியும். அந்தக் காலைச் சண்டையும் தெரியும்.

"எனக்கும் அப்டித்தான் தோணுது மாமா" என்றாள் மெதுவாக. "அங்கம்மா அர தூக்கத்துல பாத்துருப்பா. நானு போயி கண்ணார பாத்துட்டு வந்து சொன்னா ஊரு வாயி அடங்கும்."

"அத்த செய்யி மொதல்ல!"

"நீ வராதே. கூட வந்தா, புருசன் சொல்லிக் குடுத்தான்னு பேசுவாங்க. ஊட்லயே இருந்து சோத்த மட்டும் வடிச்சி வெய்யி."

சாயங்காலம் லாடம் அடிக்காத அந்த எருதுகளைத் தசரதனே வண்டியில் பூட்டினான். சின்னசாமி ஓட்ட, வடிவும் அங்கம்மாவும் ஏறிக்கொண்டார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை கூடவே ஓடிச் சொன்னான்: "எயுத்துப் போட்டாலும் எந்திரிக்காதே மே! அதுக்கப்பறந்தான் வருவா!"

முதலாட்டம் விட்டு வண்டி திரும்பியது. வடிவின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. தசரதன் குழைந்துபோன சோற்றைப் போட்டு அவள் எதிரில் குந்தினான்.

"வந்தாளா?"

வடிவு ஒரு வாய் தின்றாள்.

"இன்னிக்கி வரல மாமா. நாளிக்கி வந்தாலும் வருவா. நாளிக்கும் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். நீ சோத்த மட்டும் இப்டி கொயைய விட்டுடாதே."