உங்கம்மா பேசற டிஸ்க்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
வியாழக்கிழமை.

இயேசு மரி சூசை துணை
(இதில் வரும் சூசை நானல்ல)

அயர்லாந்து தேசத்தில் நர்ஸ் உத்தியோகம் பார்க்கும் அன்பு மருமகள் ஜெஸ்ஸிக்கு, தாய்மாமன் சூசைமாணிக்கம் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நான், நான்சி அத்தை, உன் அப்பா, புதுக் கம்ப்யூட்டர் ஆகிய நால்வரும் நலம். அவ்விடம் நீயும் அந்தக் குளிரும் எப்படியிருக்கிறீர்கள் என்று அறிய விருப்பம்.

இது நிற்க. உங்கம்மா மரியபுஷ்பம் காலமாகி, வருகிற பதினாலாம் தேதியோடு ஒரு வருசம். பூசைக்குச் சொல்லியாயிற்று. உன் அப்பா பிரான்சிஸ்தான் சரியில்லாமல் இருந்தார். சோற்றைப் போட்டால், "புஷ்பம் வந்துரட்டும்" என்று தட்டை நகர்த்தி வைத்துவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார். நீயும் போனில் அழுது, "நான் சின்னதுல கோயில்ல புதுநன்மை வாங்கினப்ப எடுத்த வீடியோ கேசட்டுல அம்மா பேசறது இருக்குது மாமா, அதை டிஸ்க்கா போட்டுக் குடுங்க, அப்பாவுக்கு அந்தப் பழைய டிவிடி பிளேயர் ஒண்ணுதான் போடத் தெரியும்" என்றாய். முப்பது வருசம் போர் போடும் ரிக் வண்டியில் ஏழு மாநிலத்துப் பூமியைத் துளைத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

கம்ப்யூட்டர் கடையில் நான் கேட்ட கேள்வியில் முதலாளி மிரண்டுபோய், ஐயா எந்தக் காலேஜ்ல பாடம் எடுக்கறீங்க என்றார். எட்டாவது ஃபெயில் என்று சொல்லி அவரை நோகடிப்பானேன் என்று சிரித்து வைத்தேன். ஊட்டுக்குக் கொண்டாந்து ஒயரெல்லாம் நானே மாட்டினேன். விசிறி ஓடுது, லைட்டு எரியுது, திரை மட்டும் கரேல்னு கெடக்குது. ஒன்றரை நாள் பார்த்தேன். பின்னால் ஒரே மாதிரி ரெண்டு ஓட்டை, வீடியோ கார்டு ஓட்டையில் மாட்ட வேண்டிய திரை ஒயரை மேல் ஓட்டையில் மாட்டியிருக்கிறேன். அதைக் கண்டுபிடித்தது நான்தான். நான்சி முதலில் சொன்னாள் என்பது அவள் பரப்பும் கதை, நம்பாதே.

அப்பறம் கேசட்டைத் தொறந்தா நாடாவெல்லாம் வெள்ளையாப் பூசணம். தொடைச்சா அறுந்துரும். பக்கத்து ஊட்டுக் காளிதாஸோட ரிக் வண்டி வாசல்ல நின்னுச்சு, கம்ப்ரசர் காத்துல லேசா ஒரு ஊது ஊதிரலாம்னு நானே ஐடியா பண்ணினேன். பாறைத்தூளை முந்நூறு அடிக்குக் கீழருந்து வெளிய தள்ளற காத்து சாமி அது. நாடா எந்திரிச்சுப் போயி முருங்கை மரத்து மேல உக்காந்துக்கிச்சு. ஏணி வெச்சு எறக்கி, விரலை விட்டு ஒரு மத்தியானம் பூராச் சுத்தினோம். வால் பக்கம் பத்து முழம் நசுங்கிப் போச்சு. அதுல ஒண்ணுமில்ல, வெறும் பந்தியும் எச்சில் எலையுந்தான்.

பழைய வீடியோ டெக்குல போட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏத்திப் பாத்தா, வீடியோக்காரன் முழுசுக்கும் மாதா பாட்டா போட்டு ரொப்பியிருக்கறான். உங்கம்மா சிரிக்கறா, உன் தலையில பூக்கிரீடத்தைச் சரி பண்ணறா, சமையக்காரரை என்னமோ வையறா, எல்லாம் வாய்தான் அசையுது. ரெண்டு நாள் எடிட்டிங்ல தோண்டினேன். ரெண்டு பாட்டுக்கு நடுவுல பதினோரு விநாடி, காஞ்ச போர்ல தண்ணி பீச்சின மாதிரி வந்துச்சு பாரு. கையில சாம்பார் வாளியோட உங்கப்பாவைத் திரும்பிப் பாத்து, "ஏனுங்க, மொதல்ல சாப்புடுங்க. மத்ததெல்லாம் அப்பறம்" அப்படிங்கறா.

அதைத் தனியா வெட்டி, முன்னாடி ரோசாப்பூப் படம் போட்டு, உங்கப்பாவுக்குத் தோதா ஒரே ஒரு பட்டன் வெச்சேன். டிஸ்க்குல ஏத்தறப்ப தொண்ணூத்தொம்பதுல வந்து நின்னுக்குது. பாறையில மாட்டிக்கிச்சுன்னு வெளிய உருவிட்டேன். இப்பிடியே ஆறு டிஸ்க் போச்சு. கொய்யா மரத்துல கட்டித் தொங்க விட்டிருக்கறேன், மலையிலருந்து எறங்கற கொரங்குக அதுல மூஞ்சி பாத்துட்டுப் போகுதுக. ஏழாவதுக்கு நான்சி என் கையைப் புடிச்சுக்கிட்டா. அது தானா வெளிய வந்துச்சு.

ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வந்ததும் உங்கப்பா முன்னாடி போட்டேன். பாத்தாரு. இன்னொருக்கா போடச் சொன்னாரு. மூணாந்தடவை தட்டைக் கிட்ட இழுத்து ஒரு வாய் வெச்சாரு. நான்சி அடுப்படிக்குப் போனவ ரொம்ப நேரம் வெளிய வரல. எனக்குக் கண்ணாடியில தூசி. நாலு நாளா மூணு வேளையும் டிஸ்க்கு ஓடுது, சாப்பாடும் எறங்குது. பங்குச் சாமியாரே வந்து பாத்துட்டு, மறைமாவட்டத்துலயே இப்பிடி ஒரு வேலை நடந்ததில்லைன்னாரு. அவர் வாயால சொல்லல, மூஞ்சியில தெரிஞ்சுது.

உனக்கும் ஒரு டிஸ்க் இத்துடன் வைத்திருக்கிறேன். மாதாவின் முந்தானை உன்மேல் எப்போதும் இருக்கட்டும். ராப்பகலாய் வேலை பார்க்காதே. நான்சி அத்தையின் முத்தங்களோடு,

உன் மாமன்,
சூசைமாணிக்கம்

பி.கு.: கவரை ஒட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் கண்ணு. ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஒண்ணுமே இல்ல. உங்கம்மா பேசினது பூராவும் கம்ப்ரசர்ல போன அந்த வால்லதான் இருந்துச்சு. உசுரோட இருந்த கொரலை நானே ஊதித் தள்ளிட்டேன். டிஸ்க்குல வாய் அசையறது உங்கம்மா, கொரல் நான்சியோடது. கம்ப்யூட்டர்ல நாந்தான் ஒட்டினேன். மாட்டேன்னு நின்னவளை நாந்தான் பேச வெச்சேன். என்னையக் கூப்பிடற பழக்கத்துல அவ ஏனுங்கன்னு ஆரம்பிச்சுட்டா, நான் கவனிக்கல.

இன்னிக்கு உங்கப்பா கை கழுவிட்டு வந்து எம்பக்கத்துல உக்காந்தாரு. "மச்சான், புஷ்பம் என்னைய ஏனுங்கன்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. ஜெஸ்ஸிப்பான்னுதான் கூப்பிடுவா. நான்சிகிட்டச் சொல்லி அதை மட்டும் மாத்திக் குடுங்க" அப்படின்னாரு. ஞாயித்துக்கெழமையே தெரியுமாம். அவ்வளவு பாடுபட்டிருக்கறீங்களேன்னுதான் சாப்பிட்டாராம்.

நான்சி இனிமே பேச மாட்டேங்கறா. உனக்கு அப்பிடியே உங்கம்மா தொண்டை. பதினாலாந்தேதிக்குள்ள போன்ல பேசி அனுப்பு சாமி, பதினோரு விநாடிதான். உம்பேரை நீயே சொல்லோணும்.