நான்கு நாள் லீவு வாங்கிய பராக்கிரமம்

என்மேல் கோபமாக இருக்கும் அன்பு அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நானும், என் மேற்பார்வையில் உள்ள பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் மூன்று மாடிகளும், இரண்டு லிஃப்டுகளும், ஒரு ஜெனரேட்டரும் நலம். அங்கே நீயும் அத்தானும் கல்யாணப் பெண்ணும் நலம்தானே?

அக்கா, லீவு கிடைத்துவிட்டது! முழுசாக நான்கு நாள்! பெரியவள் கல்யாணத்தன்று ஃப்ரீஸர் மோட்டார் புகைந்து நான் வராமல் போனதையும், "சின்னவ கல்யாணத்துக்கும் வரலைன்னா எனக்குத் தம்பியே இல்லைன்னு நினைச்சுக்கறேன்" என்று நீ போனில் சொன்னதையும் நினைத்து ஒரு வாரமாகச் சோறே இறங்கவில்லை. நேற்று துணிந்து பேராசிரியர் முன்னால் போய் நின்றேன். "நீங்க போயிட்டா என் விதைகளை யாருய்யா பாத்துக்கறது?" என்று தலையில் கைவைத்துவிட்டார். பதினெட்டு வருஷமாக அவர் சேர்த்த விதைகள் அந்தக் கிழட்டு ஃப்ரீஸரில்தான் கிடக்கின்றன. அதுவோ என்னைத் தவிர யாருக்கும் மசியாது. முழங்காலால் கதவை முட்டி, இடது பக்கம் இரண்டு தட்டு தட்டினால்தான் ஒழுங்காக ஓடும். சரி, எங்கள் எலக்ட்ரீஷியன் கற்றுக்கொள்ளட்டும் என்று நாற்பத்திரண்டு குறிப்புகளைப் பெரிய தாளில் எழுதி அதன்மேலேயே ஒட்டினேன். கொஞ்ச நேரத்துல அலாரம் அலறுது! எலக்ட்ரீஷியன் படிச்சுப் படிச்சு முட்டுறான், தட்டுறான், பதினேழாவது குறிப்பு வரைக்கும் வந்துட்டான், உள்ளே சூடு ஏறிக்கிட்டே போகுது, பேராசிரியர் ஓடி வந்து "ஐயோ, போச்சே!"ன்னு அழறார். நான் குனிஞ்சு பார்த்தேன். உனக்கு மட்டும் சொல்றேன், அத்தான் காதுல போட்டுடாதே: சூட்டுக் காத்து வெளியே போற சல்லடையை அடைச்சுத்தான் தாளை ஒட்டித் தொலைச்சிருக்கேன்! கமுக்கமாப் பிய்ச்சுச் சட்டைக்குள்ள திணிச்சுட்டு, எல்லாரும் பார்க்க ரெண்டு தட்டு தட்டினேன். சூடு இறங்க ஆரம்பிச்சுது, அலாரம் கப்சிப்! பேராசிரியர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "நீங்க மனுஷனே இல்லைய்யா!"ன்னு சொல்லி அங்கேயே லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டார்.

ஆகவே முதல் நாள் காலையிலேயே கையை வீசிக்கொண்டு வந்து நிற்பேன். ஃப்ரீஸர் என்ற வார்த்தை என் வாயில் வந்தால் ஏனென்று கேள். பெண்ணுக்கு என் ஆசி, அத்தானுக்கு வணக்கம், உனக்குப் பழைய மன்னிப்புக் கோரிக்கையே மறுபடியும்.

இப்படிக்கு,
இன்னமும் உன் தம்பிதான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பேராசிரியர் வந்தார். நேற்று நடந்ததைப் பார்த்த பிறகு, என் கை படாமல் அது நான்கு நாள் தாங்கும் என்ற நம்பிக்கை அவருக்குப் போய்விட்டதாம். பதறாதே, லீவு ரத்தாகவில்லை. வேனில் மூன்று பேராக வருகிறோம்: நான், அவர், அது. மண்டபத்தில் தனி மின் இணைப்போடு ஓர் அறை பிடித்து வை, கதவின் அகலத்தை அளந்து உடனே எழுது. பேராசிரியர் அதன் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொள்வாராம்.