தன்னம்பிக்கை குன்றியோர் பட்டியல்

சமூக ஊடகத்தால் பள்ளிப் பிள்ளைகளின் தன்னம்பிக்கை சீரழிந்துவருவதாகக் கடலூரில் ஓர் அலுவலகம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததோடு நில்லாமல், சமூக ஊடகத்தைக் கொண்டே அதைச் சீர்செய்வதென்று முடிவெடுத்துச் சுற்றறிக்கையும் அனுப்பியது. திட்டத்தின் பெயர் தன்னம்பிக்கைச் சுடர். ஒவ்வொரு பிள்ளையின் படமும் பள்ளியின் பக்கத்தில் போடப்படும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் இருநூறு எதிர்வினை வந்தால் அந்தப் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை உண்டு. வராவிட்டால் இல்லை. இல்லாத பிள்ளைகளுக்குத் தைரியம் ஊட்டும் பொருட்டு, அவர்களின் பெயர்கள் தினமும் காலை வழிபாட்டில் மைக்கில் வாசிக்கப்பட்டு, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும்.

சிதம்பரத்தில் ரவிக்கை தைக்கும் பவானி இதைக் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் எட்டாம் வகுப்பில் படிக்கும்போது, கணக்கில் தோற்றவர்கள் என்று அவள் பெயரையும் ஒருநாள் இப்படித்தான் மைக்கில் வாசித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. இப்போது அவள் மகள் சத்யப்பிரியா ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாது. ஆனால் பேசமாட்டாள்.

“பேரைப் படிச்சாங்கன்னா நான் நின்னுடுவேம்மா” என்றாள் சத்யப்பிரியா. பவானியும் அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னாள்.

படங்களை வடிவமைக்கும் பொறுப்பு பேனர் கடை பக்கிரியிடம் விடப்பட்டது. பக்கிரியிடம் தயாராக ஒரே ஓர் அமைப்புதான் இருந்தது. ஊரில் யார் போனாலும் அதில்தான் அடிப்பார். அதில் வார்த்தைகளை மட்டும் மாற்றினார். சுற்றிலும் செவ்வந்திப் பூ, நடுவில் அடையாள அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு பக்கமும் எரியும் சுடர். இடப்பக்கம் பிறந்த தேதி, வலப்பக்கம் படம் பதிவேற்றிய தேதி. அடியில், கணினி எண்ணிக்கை எடுப்பதற்காகப் பள்ளியின் திட்ட எண்; அதன் மேலே திட்டத்தின் முழக்கம்: ‘இனி இவருக்கு எதைப் பற்றியும் பயமில்லை.’

“இது செத்தவங்க படம் மாதிரி இருக்கு மிஸ்” என்று சத்யப்பிரியாவே தலைமையாசிரியை சந்திரலேகாவிடம் சொன்னாளாம். அவள் பள்ளியில் வாய் திறந்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

“தன்னம்பிக்கை இல்லாததாலதான் உனக்கு அப்படித் தோணுது” என்றார் சந்திரலேகா.

செவ்வாய்க்கிழமை வரை சத்யப்பிரியாவுக்கு வந்தது பதினோரு லைக். அவள் பக்கத்தில் உட்காரும் பரங்கிப்பேட்டை நௌஷீனுக்கு முதல் நாளே எண்ணூறு. நௌஷீனும் வாய் பேசாத பெண்தான். ஆனால் அவளுக்குத் துபாயில் நாலு மாமாவும் சிங்கப்பூரில் மூணு சாச்சாவும் இருந்தார்கள். ஆகவே அவளுக்குத் தன்னம்பிக்கை ததும்பியது.

பவானிக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை. புதன்கிழமை காலை, ரவிக்கை வாங்க வந்தவளிடம் எப்படி என்று கேட்டு, பள்ளிப் பக்கத்தில் இருந்த படத்தை இணைப்போடு தன் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டாள். போட்டுவிட்டுக் கொக்கி தைக்க உட்கார்ந்தாள்.

கடலூர் முதுநகரில் இருந்த அவளுடைய தாய்மாமா கலியமூர்த்திதான் முதலில் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் பார்த்தார். ‘ஆழ்ந்த இரங்கல். பாவிகளா, பதினாலு வயசுடா’ என்று எழுதி, அழுகிற முகம் ஏழு போட்டார். அவர் எழுதியதைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். ஒருவர் மற்றவர்களுக்கு அனுப்ப, அவர்கள் வேறு குழுக்களுக்கு அனுப்ப, மத்தியானத்துக்குள் அறுநூற்று நாற்பது பேர் அழுதிருந்தார்கள்.

மூன்று மணிக்குக் கலியமூர்த்தி பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் ரோஜா மாலையோடு வந்து கதவைத் தட்டினார். பள்ளியிலிருந்து தலைவலி என்று சீக்கிரமே வந்திருந்த சத்யப்பிரியா கதவைத் திறந்து, “வாங்க தாத்தா” என்றாள்.

கிழவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அழுதார், பிறகு திட்டினார், பிறகு காப்பி குடித்தார். மாலையை என்ன செய்வதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒரு சாவுக்கென்று வாங்கியதைச் சாமிக்குப் போட முடியாது. அவரே பையில் வைத்துத் திரும்ப எடுத்துப்போனார். “எவனாவது நிஜமா செத்தாப் போட்டுக்கலாம்” என்றார்.

மறுநாள் பவானி பள்ளிக்கு ஓடினாள். சந்திரலேகா இனிப்பு கொடுத்து வரவேற்றார்.

“உசுரோட இருக்குற புள்ளைங்க மிஸ். படத்தை எடுத்துடுங்க.”

“எடுத்துடலாம். எடுத்தா எண்ணிக்கை பூஜ்யமாயிடும். நாளைக்குத்தான் கடைசி நாள்.”

“அவுங்க எல்லாம் அழுவுறாங்களே.”

சந்திரலேகா கடலூருக்குப் போன் போட்டு, திட்ட ஒருங்கிணைப்பாளர் ஸ்ரீதரைப் பிடித்து, போனைப் பவானியிடம் கொடுத்தார். ஸ்ரீதர் பொறுமையாக விளக்கினார். சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று கணினி பேதம் பார்ப்பதில்லை. எல்லாம் எதிர்வினைதான். அழுவதென்றால் மக்கள் மனம் ஒன்றிவிட்டார்கள் என்று பொருள்.

“சார், பொண்ணு உசுரோட இருக்குன்னு கீழ ஒரு வரி எழுதலாமா?”

“எழுதலாம்மா. எழுதினா அழுதவங்க எல்லாம் போட்டதைத் திரும்ப எடுத்துடுவாங்க. உங்க இஷ்டம்.”

பவானி வீட்டுக்குத் திரும்பினாள். வழியெல்லாம் நினைத்துப் பார்த்தாள். படத்தை எடுத்தால் திங்கட்கிழமை மைக்கில் பெயர். எடுக்காவிட்டால் இரண்டு நாள் ஊர் அழும், அவ்வளவுதானே. அவள் எழுதவில்லை. துக்கம் கேட்டுப் போன் வந்தபோதெல்லாம், “ம்... என்னத்த சொல்றது” என்று மட்டும் சொல்லி வைத்தாள். அது பொய்யும் இல்லை. கலியமூர்த்தி மாமாவிடமும், வெள்ளிக்கிழமை வரை வாயைத் திறக்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளி மாலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. மாவட்டத்திலேயே சத்யப்பிரியாவுக்குத்தான் தன்னம்பிக்கை ஜாஸ்தி என்று உறுதியானது. கடலூர் விழாவில் சான்றிதழ் கொடுத்தார்கள். புகைப்படக்காரர், அட்டையில் இருப்பதுபோலவே அசையாமல் நிற்கச் சொன்னார். அவளும் நின்றாள். பக்கிரியின் அமைப்பு சிறந்த நடைமுறையாக அறிவிக்கப்பட்டு, எல்லாப் பள்ளிகளும் அதையே பின்பற்ற ஆணை பிறந்தது.

ஒரே மாதத்தில் மாவட்டம் முழுக்கச் சுடர் எரிந்தது. இது பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஊருக்கும் புரிந்துபோயிற்று. செவ்வந்தியும் சுடரும் கண்ணில் பட்டால் முகத்தைப் பார்க்காமலேயே ஒரு ஹார்ட்டைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். தன் மகளுக்குப் போட்டவர்களின் பிள்ளைகளுக்குப் போடாமல் இருப்பது நன்றாயிருக்காது என்று, பவானி ஒரு கொக்கிக்கும் அடுத்த கொக்கிக்கும் நடுவில் நாலைந்து தட்டினாள்.

அப்படி ஒரு வியாழக்கிழமை காலையில் தட்டியவற்றில் ஒன்று கலியமூர்த்தி மாமா.

மாரடைப்பு. எழுபத்தொரு வயது. படத்தின் மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிதாகத்தான் இருந்தது. படிப்பதற்குத்தான் ஆளில்லை. ‘வாழ்த்துகள்’, ‘மேலும் வளர்க’, ‘வெற்றி நிச்சயம் தம்பி’ என்று இரண்டாயிரம் பேர் வாழ்த்தியிருந்தார்கள்.

சாயங்காலம் மாமா மகன் திருநாவுக்கரசு பேசினான். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

“ரெண்டாயிரம் பேரு ஹார்ட் போட்டீங்க பவானி. தூக்க நாலு பேரு இல்ல. பக்கத்துக் கடைக்காரனைக் கூப்ட்டோம்.”

பவானி போனைத் திருப்பிப் பார்த்தாள். அவள் போட்ட ஹார்ட் சிவப்பாக இருந்தது.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பக்கிரி மாமாவுக்குப் படம் அடித்தபோது, அடியில் இருந்த சத்யப்பிரியா பள்ளியின் திட்ட எண்ணை அழிக்க மறந்துவிட்டார். கணினி மறக்கவில்லை. மாணவர் கலியமூர்த்தி மாவட்ட அளவில் முதலிடம் பெற்றிருப்பதாகவும், விழாவில் நேரில் தோன்றி இரண்டு நிமிடம் பேசவேண்டுமென்றும் பள்ளிக்குக் கடிதம் வந்தது. அவர் தோன்றவில்லை. ஆகவே விதி ஏழின்படி தன்னம்பிக்கை குன்றியவராகக் கருதப்பட்டார். திங்கட்கிழமை வழிபாட்டில் முதல் பெயராக அவர் பெயரை மைக்கில் வாசித்தார்கள். செவ்வாய்க்கிழமையும் வாசித்தார்கள்.

புதன்கிழமை பவானி மறுபடி சந்திரலேகாவின் முன் நின்றாள்.

“அவர் செத்துட்டாருங்க மிஸ்.”

“எனக்குத் தெரியாதாம்மா? பட்டியல் கடலூர்லேர்ந்து வருது, நான் ஒட்டறேன். சாவுன்னு எழுத அதுல கட்டம் இல்ல. பெற்றோர் கையெழுத்துப் போட்டு உறுதிமொழி குடுத்தா பேரை எடுக்கலாம்.”

“நான் எப்படிங்க அவருக்குப் பெத்தவளா...”

பக்கத்தில் நின்ற சத்யப்பிரியா பேனாவை எடுத்து நீட்டினாள். “போடும்மா. இல்லன்னா தாத்தா பேரை தினமும் படிப்பாங்க.”

பவானி உட்கார்ந்து, அச்சடித்த படிவத்தில் பெற்றோர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். உறுதிமொழியைச் சொந்தக் கையெழுத்தில் எழுதவேண்டும் என்றார்கள். வாசகம் சுவரிலேயே இருந்தது. எழுத்துக் கூட்டி, பார்த்து எழுதினாள்:

‘என் பிள்ளை கலியமூர்த்திக்கு இனி எதைப் பற்றியும் பயமில்லை.’

சந்திரலேகா வாங்கிப் படித்துப் பார்த்து, பிழையில்லை என்று முத்திரை குத்தினார்.