பின்னறையில் யாரோ முடித்த வேலைகள்

"சனிக்கிழமைக்குள்ள ஒரு வேலையையாவது முடிக்கிறேன். முடிக்கலைன்னா பின்னறை உனக்கே!" என்று மனைவியிடம் சவால் விட்டுவிட்டார் லிஃப்ட் மெக்கானிக்.

நின்றுபோன லிஃப்ட் எதுவானாலும் அவர் கை பட்டால் ஓடும். வீட்டில் அவர் கை பட்டதெல்லாம் நிற்கும். நாற்பது வயதில்தான் டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார். ஏ.டி.ஹெச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு. "இது சோம்பேறித்தனம் இல்லை. மூளையே அப்படி. மனசுக்குப் பிடித்த பொழுதுபோக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். 'ஒன்று' என்பதை மட்டும் மெக்கானிக் காதில் வாங்கவில்லை.

பின்னறையில் பாதி மஃப்ளர் ஊசியில் தொங்கியது. மரப்பறவைக்கு ஒற்றை இறக்கை. துண்டு துண்டாகச் சேர்க்கிற ஆயிரம் துண்டுப் படத்தில் கூரை இருந்தது, வீட்டைக் காணோம். சுவரில் மனைவியை அவர் வரைந்த ஓவியம், கண்ணில்லாமல்.

மனைவி தையல்காரி. மிஷின் அடுப்புப் பக்கத்தில். தைக்கிற துணியெல்லாம் வெங்காய வாசனை.

"முடிக்காத வேலையை வெக்கத்தான் எனக்கு அந்த அறை. இல்லேன்னா எனக்கெதுக்கு?" என்பார் மெக்கானிக், அவள் அறையைக் கேட்கும்போதெல்லாம்.

திங்கட்கிழமை மஃப்ளரில் நாலு வரிசை பின்னினார். திடீரென்று புல்லாங்குழல் ஆசை வந்தது. கதவைப் பூட்டிவிட்டு அதைத் தேடப் போனார்.

செவ்வாய் மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தார். மஃப்ளர் முடிந்திருந்தது. நுனியில் முடிச்சுகூடப் போட்டாகிவிட்டது. அறையில் ஒரு சத்தமில்லை.

புதன்கிழமை பறவைக்கு இரண்டாவது இறக்கை. தரையில் ஒரு மரச்சீவல்கூட இல்லை.

வியாழக்கிழமை கூரைக்குக் கீழே வீடு முளைத்திருந்தது. அதன் ஜன்னலில் யாரோ நின்று அவரையே பார்த்தார்கள். துண்டுகள் வந்த பெட்டி மேலிருந்த படத்தை அவர் ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை.

"ஏம்மா, பின்னறைப் பக்கம் போனியா?"

"எனக்கென்ன வேலை அங்க? ஏங்க, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல. சத்தம் கித்தம் கேட்டுதா?"

"நேத்து மத்தியானம் மரம் தேய்க்கிற மாதிரி கேட்டுது. நீங்கதான்னு இருந்துட்டேன்."

"மத்தியானம் நான் பத்தாவது மாடியில இருந்தேன்!"

அவள் மிஷினை நிறுத்தினாள். மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உள்ள இருந்தது யாரு?"

வெள்ளிக்கிழமை ஓவியத்துக்குக் கண் வந்துவிட்டது. அவர் இடப்பக்கம் போனார். கண்ணும் வந்தது. வலப்பக்கம் போனார். அங்கேயும் வந்தது. மேஜைக்கடியில் குனிந்தார். விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பழகிய பார்வைதான். ஆனாலும் அது இதுவரை சுவரிலிருந்து வந்ததில்லை.

ஓடத்தான் நினைத்தார். வாசற்படியில் மூளை வேலை செய்தது. பேயோ பிசாசோ, வேலை முடிந்தது. நான்தான் முடித்தேன் என்றால் பேய் வந்து சண்டைக்கா நிற்கும்?

சனிக்கிழமை காலையில் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார்.

"பாத்துக்கோ. ஒண்ணு இல்ல, எல்லாமே முடிஞ்சாச்சு!"

"எல்லாம் நீங்களேவா?"

"பின்ன பேயா வந்து முடிச்சுது?"

"சத்தியமா?"

"சத்தியமா!"

அவள் சமையலறைக்குப் போனாள். கரகரவென்று எதையோ இழுக்கிற சத்தம் வந்தது. தையல் மிஷின்.

"ஏய், என்ன பண்றே? நான்தான ஜெயிச்சேன்!"

"ஜெயிச்சீங்க. யாரு இல்லேன்னா? முடிக்காத வேலைக்குத்தான அறை? இப்ப ஒண்ணுகூட பாக்கியில்லையே."

மெக்கானிக்குக்கு வியர்த்தது. "சும்மா சொன்னேன்மா. நான் ஒண்ணையும் முடிக்கல!"

"அப்ப தோத்துட்டீங்க."

அப்போதுதான் அவள் கட்டைவிரலில் கறுப்புப் பெயின்ட்டைப் பார்த்தார்.

"நீயா! நான் பூட்டிட்டுல்ல போனேன்?"

"பூட்டினீங்க. சாவியைப் பூட்டுலயே தொங்க விட்டுட்டுப் போனீங்க. அஞ்சு நாளும். பேசினது போதும், அந்தப் பக்கம் தூக்குங்க."

தூக்கினார். பின்னறை ஜன்னலோரம் வரை கொண்டுபோய் ஒழுங்காக இறக்கி வைத்தார். அந்த வருஷத்தில் வீட்டில் அவர் பாதியில் விடாமல் முடித்த ஒரே வேலை அதுதான்.